பதினாறில் ஒன்பது

அத்தையின் தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்து ஓரங்கள் பழுப்பேறிவிட்டன, எழுத்து மட்டும் மங்கவில்லை. நீல மையில், அத்தையின் நிமிர்ந்த கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “2012, ஆயுத பூஜை. எடுத்த சாமான் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.” ஆண்டும் பண்டிகையும் உண்டு, தேதி இல்லை. வேண்டுமென்றால் பழைய காலண்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த ஆண்டுதான் கணக்கில் பின்னங்களைத் தொடங்கினார்கள் என்பது நன்றாக நினைவிருக்கிறது. அதற்குக் காரணம் பள்ளிக்கூடமல்ல, அத்தையின் ஜீப்.

நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தோம். எங்கள் நிலத்தில் ஒரு பகுதி தொழிற்பேட்டைக்குப் போனபோது தாத்தா செய்த முதல் செலவு ஒரு பழைய ஜீப். யாரோ கல்குவாரிக்காரர் ஓட்டித் தள்ளியது. நிலம் போன பிறகு அதில் ஏறிப் போய்ப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பது வாங்கிய பிறகுதான் அவருக்குத் தோன்றியதாம். தாத்தா காலமான பின் அது ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நின்றது. அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவருக்கு வண்டி என்றால் பைக்தான். ஜீப்பை எடுத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில் டூல் ஸ்டோர் அவள் பொறுப்பில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பைத் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் இறக்கி ஏற்றிப் பழகினாள். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் சிலர் அங்கே வருவார்கள். மாதம் ஒருமுறை சேர்ந்து எங்காவது கரடுமுரடான இடத்துக்குப் போவது அவர்கள் வழக்கம்.

இதெல்லாம் ஒருமாதிரி நடந்துகொண்டிருந்தது, வாலாஜாபாத் பக்கமிருந்து அத்தையைப் பெண் பார்க்க வரும்வரை. வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி நன்றாக இருக்கிறது என்றார்கள், கொட்டகையைப் பார்த்து ஜீப் யாருடையது என்று கேட்டார்கள். அம்மா முந்திக்கொண்டு, அது சும்மா நிற்கிறது என்றாள். அத்தை, சும்மா நிற்கவில்லை, நான்தான் ஓட்டுகிறேன் என்றாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

அதன் பிறகு ஜீப்பை விற்றுவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். ஆர்.சி. புத்தகம் தாத்தாவிடமிருந்து அப்பா பேருக்கு மாறியிருந்ததால் அவர் முடிவுதான் முடிவு. அத்தை அழவில்லை. அடுத்த பயணம் பாலாற்றுக்கு என்றும், அதற்குப் போய்வந்த பிறகு விற்கலாம் என்றும் மட்டும் சொன்னாள். நடுவழியில் நின்றால் யார் வந்து இழுப்பது, போனமுறை இன்னொருத்தர் வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்தது ஊர் முழுக்கத் தெரியும் என்றார் அப்பா. பேச்சு ஏறி ஏறி ஒரு பந்தயத்தில் போய் நின்றது.

“அடுத்தவன் கை படக்கூடாது. அடுத்தவன்கிட்ட ஒரு சாமான் வாங்கக்கூடாது. இங்கருந்து போன வண்டி தானா வூடு வந்து சேரணும். இல்லன்னா மறுநாளே வித்துடுவேன்.”

“வந்து சேந்துட்டா?”

“வந்து சேந்துட்டா வெச்சிக்கோ.”

“வெச்சிக்கிறதுலாம் வேணாண்ணா. ஆர்.சி. எம் பேருக்கு மாத்து.”

அப்பா சிரித்தார். சரி என்பதற்கும் போடி என்பதற்கும் அவருக்கு ஒரே சிரிப்புதான். அத்தை அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு தொழிற்சாலை நடந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் அத்தை கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, என்னென்ன சாமான் எடுத்துப்போவது, எங்கே எப்படி வைப்பது என்று தீர்மானிக்க உட்காருவாள். அவள் கம்பெனியில் டூல் ஸ்டோர் சுவரில் பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு சாமானின் உருவமும் பெயிண்டில் வரைந்திருக்கும். சாமான் அதன் உருவத்தின் மேல் தொங்கவேண்டும். எது இல்லையோ அதன் நிழல் மட்டும் தெரியும், யாரையும் கேட்கவேண்டியதில்லை. சாமான்களை ஒழுங்காக வைக்கும் அந்த முறைக்கு ஃபைவ் எஸ் என்று பேர். ஒரகடம் பக்கம் சம்பளம் வாங்குகிற யாருக்கும் அந்தப் பேரைச் சொன்னால் போதும், முகம் தானாக ஒழுங்காகிவிடும். அத்தையின் ஸ்டோர் அதில் பரிசு வாங்கியிருந்தது. கேடயம் எங்கள் டி.வி. மேல் இருந்தது.

ஃபைவ் எஸ்ஸில் முதல் வேலை வேண்டாததைக் கழிப்பது. ஒரே வேலைக்கு இரண்டு சாமான் இருந்தால் ஒன்றுக்குச் சிவப்பு அட்டை கட்டவேண்டும். எந்த வேலைக்கு என்று தெரியாததற்கும் சிவப்பு அட்டை. கட்டியது வெளியே போய்விடும். தாத்தாவின் ஜீப்போடு ஒரு கோணிப்பை நிறையப் பழைய சாமான்கள் வந்திருந்தன. அத்தை அதைத் தரையில் கொட்டி, தான் புதிதாக வாங்கியிருந்த ஸ்பேனர் செட்டை அதன் பக்கத்தில் பரப்பினாள். புதியவை வெள்ளிபோல் மின்னின. பதிமூன்று, பதினான்கு, பதினைந்து என்று முழு எண்கள் பொறித்திருந்தன. பழையவற்றில் இருந்தவை பின்னங்கள். எனக்கு ஒரே சந்தோஷம், வகுப்பில் நடத்தியது அப்படியே இரும்பில் இருந்தது. கையிலெடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டில் ஒன்று. பதினாறில் ஏழு. பதினாறில் ஒன்பது.

அத்தை பதினாறில் ஒன்பதை வாங்கிப் புதிய பதினான்கின் மேல் வைத்துப் பார்த்தாள். வாய் இரண்டும் கண்ணுக்கு ஒரே அகலம். “ரெண்டும் ஒண்ணுதான்டீ. இது டூப்ளிகேட்டு,” என்று துரு ஏறியதைத் தள்ளிவைத்தாள். நான் சிவப்பு அட்டைகளில் நூல் கோத்துக் கொடுத்தேன். ஸ்க்ரூ ஸ்பேனருக்கும் சிவப்பு அட்டை விழுந்தது. வாயை எந்த அளவுக்கும் கூட்டிக் குறைக்கக்கூடிய அந்தச் சாமான் அவள் கம்பெனிக்குள் நுழையவே கூடாதாம், நட்டின் முனைகளைத் தேய்த்துவிடுமாம். அதைக் கால் படாத தூரத்தில் வைத்தாள்.

சும்மா கழித்துவிடவில்லை, சரிபார்த்துத்தான் கழித்தாள். சக்கரத்து நட்டுகள், பேட்டரி மாட்டுகிற கிளிப், ரேடியேட்டர் தாங்கி என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் புதிய செட்டைப் போட்டுப் பார்த்தாள், எல்லாம் பொருந்தின. பழுது பார்த்தவர்கள் அங்கெல்லாம் புது நட்டுகளை மாட்டியிருந்தார்கள் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. வண்டியின் அடியில் தாத்தா காலத்துக்கும் முந்தியவை அப்படியே இருந்தன. அவை அங்குல அளவில் செய்தவை, பழைய ஸ்பேனர்களில் இருந்த பின்னங்களும் அங்குலக் கணக்குதான். அவள் கம்பெனியிலோ அப்பாவின் கம்பெனியிலோ அங்குலம் என்ற சொல்லே கிடையாது. எல்லாம் மில்லிமீட்டர்தான்.

பிறகு பெட்டி. ஒரு பழைய மெத்தையைக் கிழித்து நுரைப் பஞ்சை எடுத்தோம். சாமான்களை அதன்மேல் வைத்து நான் ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிக் கோடு போட்டேன், அத்தை பிளேடால் அறுத்தாள். பஞ்சுக்கு அடியில் அம்மாவின் கிழிந்த சிவப்புப் பாவாடைத் துணியை ஒட்டினாள். எந்தச் சாமான் இல்லையோ அந்தக் குழியில் சிவப்பு தெரியும். கனமானவை அடித்தட்டில். மேல்தட்டில் அடிக்கடி எடுப்பவை. ஒன்றோடொன்று உரசக்கூடாது, குலுங்கினால் சத்தம் வரக்கூடாது. பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இறக்கி, பெல்ட் போட்டு இறுக்கினாள். ஜாக்கிக்கு ஓர் இடம், மணலில் ஜாக்கி புதையாமலிருக்க அடியில் வைக்கும் பலகைக்கு ஓர் இடம், மண்வெட்டிக்கு, தார்ப்பாய்க்கு, கயிற்றுக்கு என்று எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. கொட்டகைக்கு வந்து சுற்றிப் பார்த்த அம்மா, புளிசாதத்துக்கு எங்கே இடம் என்று கேட்டாள்.  அவள் போட்ட திட்டத்தில் சோறு இல்லை.

 அம்மா வாலாஜாபாத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர் மகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பட்டறையைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. அன்று சிவப்பு அட்டை கட்டிய குவியலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆயுத பூஜையன்று பெட்டியைத் திறந்து கூடத்தில் வைத்தோம். அத்தை ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் குங்குமம் இட்டாள். என் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் இட்டாள். அப்பா பைக்கைக் கழுவிப் பொட்டு வைத்தார். ஜீப்புக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். விற்கப்போகிற வண்டிக்கு ஏன் மாலை என்று அத்தை கேட்க, “சாமிக்கு இன்னா தெரியும், இது விக்கிற வண்டின்னு,” என்றார். பூஜை முடிந்து, எல்லாம் குழிகளில் போய் உட்கார்ந்த பிறகு எங்கேயும் சிவப்பு தெரியவில்லை. அத்தை ஒரு தாளில் அந்த வரியை எழுதி மூடியில் ஒட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஞாயிறு என்றால் அப்பா ஓ.டி.க்குப் போவார். அன்று போகவில்லை. அத்தை தோற்பதைக் கண்ணால் பார்க்கத்தான் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்து எனக்கு அவர்மேல் கோபம். விடியற்காலையிலேயே கொட்டகையில் நின்று, டயரில் காற்று, பிரேக், சீட் என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புளிசாதக் கேரியரைத் தானே கொண்டுவந்து என் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. “எதுனா ஆச்சுன்னா வூட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க. பாப்பா, நீயாவது பண்ணு,” என்று என் கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் மற்ற ஜீப்புகள் நின்றன. அந்தக் குழுவுக்குத் தலைவர் அங்கே டயர் கடை வைத்திருந்தவர். எல்லோரும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிட்டார்கள். கிளம்புமுன் ஒவ்வொருவர் சாமான்களையும் அவர் பார்ப்பார். அத்தை பெட்டியைத் திறந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

“இன்னாம்மா இது, நகைக்கடை மாதிரி கீது. செய்கூலி சேதாரம் எவ்ளோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய சாமான்கள் ஒரு சிமெண்டுச் சாக்கில் இருந்தன. சாக்கைத் தூக்கி வண்டிக்குள் போட்டபோது, பாத்திரக்கடையில் அலமாரி சாய்ந்ததுபோல் சத்தம் வந்தது. “உங்க சாக்குல எதுனா ஒண்ணு காணாம பூட்டா எப்படித் தெரியும் தலைவரே?” என்றாள் அத்தை. தேடும்போது தெரியும் என்றார் அவர். பந்தயத்தைப் பற்றி அத்தை அவரிடம் சொன்னாள். தனக்கு யாரும் உதவக்கூடாது என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பினதாகத் தெரியவில்லை.

வாலாஜாபாத் தாண்டிப் பாலாற்றுக்குள் இறங்கினோம். ஆறு என்று பேர், தண்ணீர் ஓர் ஓரத்தில் கயிறுபோல் கிடந்தது. மற்றதெல்லாம் மணல், நாணல், மணல் லாரிகள் ஓடி ஓடி உண்டாக்கிய ஆழமான தடங்கள். அத்தை நன்றாகவே ஓட்டினாள். இரண்டு இடங்களில் சக்கரம் புதைந்து, மண்வெட்டியால் வழி வெட்டித் தானாகவே வெளியே வந்தாள். அப்போதெல்லாம் நான் பெட்டியைத் திறப்பேன், கேட்டதைக் கொடுப்பேன், திரும்ப வந்ததைக் குழியில் வைத்துச் சிவப்பு மறைந்ததா என்று பார்ப்பேன். புளிசாதத்தை ஒரு மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தலைவருக்கும் கொடுத்தோம். வாங்குவதில்தான் தடை, கொடுப்பதில் இல்லை என்றாள் அத்தை.

திரும்பும்போது லாரித் தடத்தில் ஏறி இறங்கியதில் வண்டிக்கு அடியில் ஏதோ இரும்பைச் சுத்தியால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. கிளட்சை விடும்போதெல்லாம் கேட்டது. அத்தை வண்டியை நிறுத்தினாள். தார்ப்பாயை விரித்து அடியில் நுழைந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். எஞ்சின் சுற்றுவதைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீண்ட தண்டு ஒன்று அங்கே உண்டு. அதன் முனையைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளும் தளர்ந்து, தண்டு ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் கழன்று விழுந்திருக்கும்.

“இவ்ளோதானா,” என்றாள் அத்தை. கையாலேயே நான்கையும் திருகி உட்காரவைத்தாள். இனி இறுக்கவேண்டியதுதான். பதினாலு கொடு என்றாள். கொடுத்தேன். பதினான்குக்கும் பதினைந்துக்கும் ஒரே ஸ்பேனர்தான், ஒரு முனையில் அது, மறுமுனையில் இது. பதினான்கு நட்டுக்குள் நுழையவில்லை. திருப்பிப் பதினைந்தைப் போட்டாள். அது நுழைந்தது, திருப்பினால் நட்டை விட்டுவிட்டுத் தான் மட்டும் சுற்றியது. மறுபடி பதினான்கு, மறுபடி பதினைந்து.  கொஞ்ச நேரம் கழித்து ஜீப்புக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது, யாரிடமோ கேட்பதுபோல.

“பாப்பா, அன்னிக்கு நீ படிச்சியே, அது இன்னா?”

“பதினாறில் ஒன்பது.”

பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஓர் அளவு உண்டு என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. பெட்டியில் எங்கேயும் சிவப்பு தெரியவில்லை. கழித்த சாமானுக்குக் குழி அறுக்கவில்லையே.

தலைவர் வந்து குனிந்து பார்த்தார். அவருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. “அது இன்ச்சு நட்டும்மா. நம்ம சாக்குல கீது, எடுத்துக்கோ. உங்கண்ணனுக்கு நான் ஏன் சொல்லப்போறேன்?” என்றார். மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் வீடு போகிற அவசரம். சாக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அத்தை வெளியே வந்து மணலில் உட்கார்ந்து அந்தச் சாக்கைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“வேணாம் தலைவரே. அவருக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரியுமில்ல,” என்றாள்.

நான் அம்மா சொன்னதை நினைவுபடுத்தினேன். வீட்டுக்கு ஒரு போன் போடலாமே, அப்பாவைக் கேட்கலாமே என்றேன். அத்தை செல்போனைக் கையில்கூட எடுக்கவில்லை. “போனும் ஒதவிதான்டீ,” என்று எழுந்தாள்.

பெட்டியை முழுவதும் திறந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு அடியில் போனாள், அது வழுக்கியது. பதினான்கைச் சுத்தியால் தட்டி நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. வெளியே வந்து பெட்டி முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நாணலின் நிழல் எங்கள் தார்ப்பாய்மேல் ஏறியிருந்தது. பிறகு பதினைந்தின் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சுண்டுவிரல் நகத்தை அதில் வைத்து, எவ்வளவு இடம் மிச்சம் என்று யோசித்தாள். அடுத்தாற்போல் மேல்தட்டில் கிடந்த இரும்பு அறுக்கும் ரம்பப் பிளேடை எடுத்து, பிளேயரில் பிடித்து டப்பென்று ஒடித்தாள். ஒடிந்த துண்டை நட்டின் ஒரு பக்கத்தில் வைத்து அதன்மேல் பதினைந்தை ஏற்றினாள். இறுக்கமாக ஏறியது.

முதல் இழுப்பில் துண்டு தெறித்து மணலில் விழுந்தது. நான் தேடி எடுத்தேன். இரண்டாவது இழுப்பில் ஸ்பேனர் வழுக்கி அவள் விரல் முட்டிகளைத் தோலுரித்தது. “சனியனே,” என்று நட்டைத் திட்டிவிட்டு, தாவணித் துண்டுபோல் இடுப்பில் செருகியிருந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி போட்டாள். நட்டு அசைந்தது. ஒரு தரம் அசைந்ததும் அவள் அதை விடவில்லை. ஒன்று முடிய அடுத்தது. நான் ஒடிந்த பிளேடுத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கக் கொடுத்தேன். தலைவர் தன் சாக்கின்மேலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பலாம் என்று யாரோ சொன்னதற்குக் கையைக் காட்டி நிறுத்தினார். நான்காவது நட்டும் இறுகி நின்றதும், “உங்கண்ணன் கேட்டா சொல்றேம்மா, நாங்க ஒருத்தனும் கை வெக்கலன்னு,” என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்வது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. அந்த இறுக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று அத்தைக்கு நம்பிக்கை இல்லை. வாலாஜாபாத்தில் ஒரு முறை, ஒரகடத்துக்கு முன்னால் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு முறை, அதற்கப்புறமும் சந்தேகம் வந்த இடங்களிலெல்லாம் ஓரங்கட்டித் தார்ப்பாயை விரித்து அடியில் போனாள். கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட்டுக்குப் போகிற பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அக்கா தள்ளணுமா என்று கத்தினார்கள். அத்தை அடியிலிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைப்பாக்கம் வந்தோம். அப்பா வாசலில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  வண்டி கொட்டகையில் நின்றதும் நேராக அடியில் நுழைந்தார். வெளியே வந்தவர் அத்தையின் விரல்களைப் பார்த்தார்.

“பதினஞ்ச வெச்சித் திருகிகீற. நட்டு மூலயெல்லாம் போச்சு,” என்றார்.

“வண்டி வந்திச்சில்ல?”

“வந்திச்சி.”

 அம்மா கேரியரை எடுக்க வந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு நன்றாகப் பார்த்தாயா, எதுவும் உள்ளே தங்கவில்லையே என்று என்னைக் கேட்டாள். கேரியர் மூடியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, எல்லாம் இருக்கிறது என்றேன். அவள் அதையே இன்னொரு தரம் கேட்டாள். அத்தை விரல்களில் மஞ்சளைப் பூசிக்கொண்டு பெட்டியைத் துடைத்து அடுக்கினாள். ரம்பப் பிளேடின் குழியில் மட்டும் சிவப்பு தெரிந்தது.

அப்பா வாக்கைக் காப்பாற்றினார். ஒரு வேலைநாளில் லீவு போட்டுவிட்டு அத்தையை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போனார். வருகிற வழியில் தலைவர் கடையில் நிறுத்தி, தங்கச்சிக்குத் தலைக்கனம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், ஜீப் யாருடையது என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார். நடுவில் ஒருநாள் அத்தை சிவப்பு அட்டைச் சாமான்களைத் தேடினாள், அதற்குள் அம்மா அந்தக் கோணிப்பையைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டிருந்தாள்.

இது முடிந்து இரண்டு வருடம் இருக்கும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன், ஆகவே 2014 என்று வைத்துக்கொள்ளலாம். ஜீப் சீட்டுகளுக்குப் புது ரெக்சின் போட ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் நான் உட்காரும் சீட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினார். “இன்னாக்கா, ஸ்பேனர் ஒண்ண இங்க கட்டிவெச்சிகீறீங்க?” என்றார்.

சீட்டுக்கு அடியில், இரும்புச் சட்டத்தோடு சேர்த்து, எண்ணெய் துடைக்கிற மஞ்சள் வேஸ்ட் துணியில் சுற்றி, மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. எத்தனை மேடு பள்ளம் ஏறி இறங்கியும் அசைந்திருக்கவில்லை. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிரித்துப் பார்த்தால் துருவெல்லாம் தேய்த்து எடுத்து எண்ணெய் போட்ட பழைய ஸ்பேனர். பதினாறில் ஒன்பது. பிடியின் நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் கொஞ்சம் குங்குமம்.

பாலாற்றில் அவ்வளவு நேரமும் அது வண்டியிலேயே இருந்திருக்கிறது. தன் சாமான்தான், எடுத்துக்கொண்டிருந்தால் பந்தயம் கெட்டிருக்காது. அத்தை அங்கே தேடவில்லை. எந்தச் சாமான் எங்கே என்று முடிவு செய்தவள் அவள், அவள் முடிவு செய்யாத இடத்தில் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது இருக்கும் இடம் தெரிய ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட மறுத்ததால் தெரியவில்லை. அப்பா அன்று ஓ.டி.க்குப் போகாததையும், வாசலில் போனோடு நின்றதையும், அம்மா என் கன்னத்தைப் பிடித்துச் சொன்னதையும், கேரியரை எடுக்கும்போது இரண்டு தரம் கேட்டதையும் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். பந்தயத்தில் அத்தைக்கு எதிராக நின்றவர்கள் என்று நான் கோபித்துக்கொண்டிருந்த வீட்டில், அவள் ஜெயிக்கவேண்டும் என்று ஒருவர் பூஜைபோட்டுக் கட்டிவைத்திருந்தார். பத்து வயதில் அது எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். விற்கவேண்டும் என்று நின்றவன் நான், நான் ஏன் வைக்கப்போகிறேன் என்றார். அம்மாவிடம் கேட்டேன். பட்டறைக்காரர் மகளான அம்மா, தனக்கு ஸ்பேனருக்கும் சாதக் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்றாள். மஞ்சள் வேஸ்ட் துணி அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவருவது. அடுப்பில் சூடான பாத்திரம் இறக்க அம்மா பிடிப்பதும் அதுதான். அப்பா பொட்டு வைத்தால் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும், அம்மா வைத்தால் மிளகளவு. ஸ்பேனரில் இருந்ததை வைத்துச் சொல்லலாம் என்று பார்த்தால் எண்ணெயில் ஊறிப் பாதி கரைந்திருந்தது.

அத்தை யாரையும் கேட்கவில்லை. அன்று மாலையே பெட்டியைத் திறந்து, பதினான்கு-பதினைந்தின் பக்கத்தில் பஞ்சில் புதிதாக ஒரு குழி அறுத்தாள். சுற்றிக் கோடு போட்டது நான். ஸ்பேனர் இன்னும் அதில் இருக்கிறது, பொட்டின் மிச்சமும் இருக்கிறது. கட்டிவைத்தது அப்பாவா அம்மாவா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.